கரையில் நடப்பவர்: ரத்தத் தட்டணுக்களும் உடலின் தற்காப்பும்

அறக்கட்டளைச் சொற்பொழிவின் செம்மைப்படுத்திய எழுத்து வடிவம்



நோய்க்குறியியல் துறையில் நுண்ணோக்கியின் முன் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் அமர்ந்தவன் நான். நோயாளியின் முகத்தைவிட அவர் ரத்தத்தை அதிகம் பார்த்தவன். ஆனாலும் ஒரு முகம் மனத்தில் நின்றுவிட்டது. ஓர் ஐப்பசி மாதம். அடைமழை ஓய்ந்து, டெங்கு வார்டு நிரம்பியிருந்தது. மாலை ஆனதும் ஒரு தந்தை ஆய்வகச் சன்னலருகே வந்து நிற்பார். சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு. ஏழு வயது மகளின் தட்டணு எண்ணிக்கையை அதில் நாள்வாரியாக எழுதி வந்தார்: 1,20,000; 84,000; 52,000; 31,000. நான்காவது எண்ணை எழுதிவிட்டு நிமிர்ந்து கேட்டார்: "ஐயா, இன்னும் எவ்வளவு இறங்கும்? எதுவரைக்கும் தாங்கும்?"

பானையில் அரிசி குறைவதைப் பார்க்கும் குடும்பத் தலைவரின் கவலை அது. அப்படிக் கவலைப்பட அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் நாங்கள்தாம். தட்டணு என்றால் ரத்தக் கசிவை அடைக்கும் துண்டு. குறைந்தால் கசியும், ஏற்றினால் நிற்கும். பள்ளிப் பாடம் இப்படித்தான் சொல்கிறது, நாளிதழ்களும் இப்படித்தான் எழுதுகின்றன. மருத்துவக் கல்லூரியில் நான் படித்த பாடமும் இதைத் தாண்டி வெகுதூரம் போகவில்லை.

இன்று உங்கள் முன் நான் வைக்க வந்த கருத்து ஒன்றே ஒன்றுதான். ரத்தக் கசிவை அடைப்பதும், அந்த வழியே நுழையும் கிருமியை எதிர்ப்பதும் நம் பாடநூலில் இரண்டு அத்தியாயங்கள். உடலுக்கு ஒரே வேலை. அந்த வேலையைச் செய்யும் அணு தட்டணு. அது உறைதலுக்கு உரியது. அதே அளவுக்கு நோயெதிர்ப்புக்கும் அழற்சிக்கும் உரியது.

கண்மாய்ப் பாசனம் அறிந்தவர்களுக்கு நீர்க்கட்டியைத் தெரியும். மழைக்காலத்தில் இரவும் பகலும் கரைமீது நடப்பவர் அவர். நண்டு வளையில் நீர் கசிந்தால் அங்கேயே மண்ணை வெட்டிப் போட்டு மிதிப்பார். கசிவு கைமீறும் என்று தெரிந்தால் ஊரைக் கூப்பிடுவார். அடைக்க ஓர் ஆள், கூப்பிட ஓர் ஆள் என்று எந்த ஊரும் பிரித்து வைக்கவில்லை. கரையில் நடப்பவருக்குத்தான் கசிவு முதலில் கண்ணில் படும். முதலில் கண்டவர்தான் இரண்டையும் செய்தாக வேண்டும். தட்டணுவின் கதையும் இதுதான். ஏழு செய்திகளாக அதை விளக்குகிறேன்.

1. பெயரோடு நின்றுபோன அறிவு

1882-ஆம் ஆண்டு. இத்தாலியின் டூரின் நகரில் ஜூலியோ பிட்சொசேரோ என்ற மருத்துவ அறிஞர், உயிருள்ள விலங்கின் குடலைத் தாங்கும் மெல்லிய சவ்வை நுண்ணோக்கியில் வைத்து, அதன் ரத்தக் குழாய்களுக்குள் ஓடும் ரத்தத்தைப் பார்த்தார். சிவப்பணு, வெள்ளணு இரண்டையும் தவிர மூன்றாவதாக ஒன்று ஓடியது. நிறமற்றது, மிகச் சிறியது, தட்டையானது. குழாய்ச் சுவர் காயப்பட்டால் அவை அங்கே ஒட்டின. ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கட்டியாயின. சிறு தகடுகள் என்று பொருள்படும் பெயரை அவர் சூட்டினார். நம் தமிழ்ச் சொல்லில் உள்ள 'தட்டு' அந்தப் பார்வையின் தொடர்ச்சி.

அவருக்கு முந்தைய ஆய்வாளர்கள் உறைகட்டிக்குள் வெள்ளணுக்களைக் கண்டிருந்தார்கள். அவையே கட்டியை உண்டாக்குகின்றன என்று நினைத்தார்கள். தொடக்கி வைப்பது தட்டணுவே என்று பிட்சொசேரோ காட்டினார். விவாதம் அவர் பக்கம் தீர்ந்தது. தீர்ந்த வேகத்தில் ஒரு கேள்வி கேட்கப்படாமலே போயிற்று: அந்தக் கட்டிக்குள் வெள்ளணுக்களுக்கு என்ன வேலை? அதற்குத் தெளிவான விடை கிடைக்க ஒரு நூற்றாண்டுக்கும் மேல் ஆயிற்று.

1906-இல் பாஸ்டனில் ஜேம்ஸ் ஹோமர் ரைட், எலும்பு மஜ்ஜையில் உள்ள பேரணுக்களின் உடலிலிருந்து பிரிந்து வருபவையே தட்டணுக்கள் என்று கண்டறிந்தார். 1910-இல் வில்லியம் டியூக், தட்டணு குறைந்து ரத்தம் கசிந்த நோயாளிக்குப் பிறர் ரத்தம் ஏற்றியபோது எண்ணிக்கை உயர்ந்து கசிவு நின்றதைப் பதிவு செய்தார். இவை மகத்தான கண்டுபிடிப்புகள். ஆனால் அவற்றுக்குப் பிறகு தட்டணு என்றால் அடைப்பு என்ற சமன்பாடு கல்லில் வெட்டியதுபோல் ஆகிவிட்டது.

அளவுகளையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் தட்டணுக்கள். உடல் முழுவதும் கணக்கிட்டால் ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி. ஒவ்வொன்றின் குறுக்களவும் இரண்டு மூன்று மைக்ரான். வாழ்நாள் ஏழு முதல் பத்து நாள். தினமும் சுமார் பத்தாயிரம் கோடி புதிதாகப் பிறக்கின்றன. மஜ்ஜை மட்டுமே இவற்றின் பிறப்பிடம் என்றும் இப்போது சொல்வதற்கில்லை. 2017-இல் சான் பிரான்சிஸ்கோவில் மார்க் லூனியின் குழு, எலியின் நுரையீரலுக்குள் பேரணுக்கள் மணிக்கு ஒரு கோடிக்கும் மேல் தட்டணுக்களை உதிர்ப்பதை நேரில் பார்த்தது. வெளிக்காற்றும் அதோடு வரும் கிருமியும் உடலுக்குள் நுழையும் வாசலிலேயே இவை பிறக்கின்றன என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

2. கடற்கரையில் கிடைத்த சாட்சி

உறைதலும் எதிர்ப்பும் ஒரே வேலை என்பதற்குப் பழைய சாட்சி கடலில் இருக்கிறது. குதிரைலாட நண்டு என்ற உயிரினம். ஒடிசாவின் பாலாசோர் கரையில் இன்றும் அதைக் காணலாம். அதன் ரத்தத்தில் செம்பு இருப்பதால் காற்றுப் பட்டதும் நீலமாகும். அந்த ரத்தத்தில் தட்டணு என்று தனியாக எதுவும் இல்லை. பெரும்பாலும் ஒரே வகை அணுதான் ஓடுகிறது.

அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிலையத்தில் ஃபிரெடரிக் பாங் இந்த நண்டுகளின் உடலில் ஒருவகைப் பாக்டீரியாவைச் செலுத்தினார். ரத்தம் உடலுக்குள்ளேயே உறைந்தது. பின்னர் ஜாக் லெவினும் அவரும் சேர்ந்து காரணத்தைக் கண்டார்கள். பாக்டீரியாவின் மேலுறையில் உள்ள நஞ்சு துளியளவு பட்டாலே அந்த அணு தன் பைகளைக் கொட்டுகிறது. சுற்றிலும் கூழ் உறைகிறது. கிருமி அதற்குள் சிக்கிக்கொள்கிறது. காயம் அடைபடுவதும் கிருமி பிடிபடுவதும் ஒரே நிகழ்ச்சி. ஊசி மருந்துகளில் பாக்டீரிய நஞ்சு கலந்திருக்கிறதா என்று சோதிக்க உலகெங்கும் பயன்பட்டு வந்த சோதனை இந்த அணுவிலிருந்து பிறந்ததுதான்.

மீன், ஊர்வன, பறவை ஆகியவற்றில் உறைதலுக்கு உட்கருவுள்ள முழு அணு இருக்கிறது. உட்கருவைக் கழற்றிவிட்டு இவ்வளவு சிறியதாகவும் இவ்வளவு ஏராளமாகவும் ஆக்கிக்கொண்டவை பாலூட்டிகள் மட்டுமே. உருவம் சுருங்கியது; பழைய கடமை போய்விடவில்லை. இனி வரும் செய்திகள் அதற்கான சான்றுகள்.

3. முதலில் அறிவது

ரத்தக் குழாயில் சிவப்பணுக்கள் நடுவே ஓடுகின்றன. அந்த நெரிசல் சிறிய தட்டணுக்களைச் சுவரோரமாக ஒதுக்கிவிடுகிறது. ஆக, இவை எப்போதும் கரையை ஒட்டியே நடக்கின்றன. ஒரு கன மில்லிமீட்டரில் வெள்ளணுக்கள் 4,000 முதல் 11,000 வரைதான், தட்டணுக்கள் லட்சங்களில். சுவரில் எங்கே கோளாறு என்றாலும் முதலில் உரசிப்போவது தட்டணுவாகத்தான் இருக்கும்.

உரசிப்போனால் போதுமா? அறிய வேண்டுமே. கிருமிகளின் பொதுவான அடையாளங்களை இனங்காணும் டோல் வகை ஏற்பிகள் நோயெதிர்ப்பு அணுக்களுக்கே உரியவை என்று கருதினோம். அவை தட்டணுவின்மீதும் இருக்கின்றன. ஆன்டிபாடி போர்த்திய கிருமியைப் பற்றும் கொக்கியும் மனிதத் தட்டணுவில் இருக்கிறது.

அறிந்ததும் என்ன செய்கிறது? தட்டணுவுக்குள் ஐம்பது முதல் எண்பது வரை ஆல்ஃபா துகள்கள் என்ற சிறு பைகள் உள்ளன. அவற்றில் உறைதலுக்கான புரதங்களும் வெள்ளணுவை அழைக்கும் புரதங்களும் அருகருகே கட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. தூண்டப்பட்ட சில நிமிடங்களுக்குள் பி-செலக்டின் என்ற புரதம் அந்தப் பையின் சுவரிலிருந்து தட்டணுவின் மேற்பரப்புக்கு வந்துவிடும். ஓடிவரும் வெள்ளணு அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும். 1998-இல் வந்த ஓர் ஆய்வு இன்னும் ஒரு படி போனது. நிணநீர் அணுக்கள் ஒன்றோடொன்று பேசப் பயன்படுத்தும் சிடி40 லிகண்ட் என்ற புரதத்தைத் தூண்டப்பட்ட தட்டணுவும் வெளிக்காட்டி, குழாயின் உட்சுவரை அழற்சி நிலைக்கு மாற்றுகிறது என்று அது காட்டியது. நோயெதிர்ப்பின் மொழி தட்டணுவுக்குத் தெரிந்திருக்கிறது.

உட்கரு இல்லாததால் புதிதாக எதையும் செய்ய இயலாத அணு என்ற எண்ணமும் மாறிற்று. தாய் அணுவிடமிருந்து கொண்டுவந்த ஆர்.என்.ஏ.வைத் தேவை வந்தபோது செப்பனிட்டு, இன்டர்லூகின்-1 பீட்டா என்ற அழற்சிப் புரதத்தைத் தட்டணுவே ஆக்குகிறது என்று 2005-இல் அமெரிக்காவின் யூட்டா ஆய்வாளர்கள் நிறுவினார்கள். கட்டுச்சோறு கொண்டுவந்த பயணி என்று நினைத்தோம், அடுப்பும் கொண்டுவந்திருக்கிறது.

4. அழைத்துவந்து போரிடுவது

2004-இல் பெர்லினில் ஒரு கண்டுபிடிப்பு. நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு தன் டி.என்.ஏ.வையே வெளியே வீசி, வலைபோல் விரித்துக் கிருமிகளைச் சிக்கவைக்கிறது. மூன்று ஆண்டுகள் கழித்துக் கனடாவின் கால்கரியில் பால் கியூப்ஸின் குழு ஒரு கேள்வி எழுப்பியது: ரத்தத்தில் கிருமி பரவும்போது வலையை விரிக்கச் சொல்வது யார்? தட்டணு என்பது விடை. பாக்டீரிய நஞ்சைத் தன் டோல் ஏற்பியால் உணர்ந்த தட்டணு நியூட்ரோஃபிலின்மேல் ஒட்டுகிறது. ஒட்டிய சில நிமிடங்களில் வலை விரிகிறது.

அதே குழு 2013-இல் எலியின் கல்லீரலில் கண்டது என்னை மிகவும் ஈர்த்த காட்சி. கல்லீரலின் நுண்குழாய்களில் குப்ஃபர் அணுக்கள் என்ற காவல் அணுக்கள் உட்கார்ந்திருக்கின்றன. ஓடும் தட்டணுக்கள் அவற்றை ஒரு கணம் தொட்டுவிட்டு நகர்கின்றன, தொடுகின்றன, நகர்கின்றன. நோயில்லாத நாளிலும் இது ஓயாமல் நடக்கிறது. குப்ஃபர் அணு ஒரு பாக்டீரியாவைப் பிடித்துவிட்டால் மட்டும் தொட்ட தட்டணு நகர்வதில்லை. அங்கேயே ஒட்டுகிறது, அடுத்ததும் ஒட்டுகிறது, பாக்டீரியாவைச் சுற்றி மூடிவிடுகின்றன. தட்டணு நீக்கப்பட்ட எலிகளால் அந்தத் தொற்றைத் தாங்க முடியவில்லை. கரையில் நடப்பவர் ஒவ்வொரு மடையிலும் கை வைத்துப் பார்த்துவிட்டுப் போவதை நான் இதில் காண்கிறேன்.

தட்டணு ரத்தம் இழுக்கும் பக்கம் போகும், தானாக நகராது என்பதும் பழைய பாடம். 2017-இல் மியூனிக்கில் ஸ்டெஃபன் மாஸ்பெர்க்கின் குழு, தட்டணு ஒட்டிய இடத்திலிருந்து ஊர்ந்து நகர்வதையும், வழியில் கிடக்கும் பாக்டீரியாக்களை வாரித் தன்மேல் கட்டாகச் சேர்த்து நியூட்ரோஃபில்களுக்குக் கிடைக்கச் செய்வதையும் காட்டியது.

கிருமியை நேரடியாகக் கொல்லவும் தட்டணுவால் முடியும். சிவப்பணுவுக்குள் பதுங்கிய மலேரியா ஒட்டுண்ணியைத் தட்டணு கொல்கிறது என்று 2009-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். தட்டணு வெளியிடும் பி.எஃப்.4 என்ற புரதம் சிவப்பணுவின்மீது உள்ள டஃபி என்ற ஏற்பியைப் பற்றிக்கொண்டு உள்ளே தாக்குகிறது என்று 2012-இல் தெளிவாயிற்று. ஆப்பிரிக்காவில் சகாராவுக்குத் தெற்கே வாழும் மக்களில் பெரும்பாலோருக்குச் சிவப்பணுவில் டஃபி இல்லை. அவர்களிடம் இந்த வழி அடைபட்டிருக்கிறது.

5. அழற்சிக்குள் கரை காப்பது

மாணவர்கள் இந்தச் செய்தியைத் தனியே குறித்துக்கொள்ள வேண்டுகிறேன். தட்டணு மிகவும் குறைந்தவர்கள் எல்லோருக்கும் ஏன் ரத்தம் கசிவதில்லை? பதினைந்தாயிரத்தோடு நடமாடுபவரும் உண்டு. நாற்பதாயிரத்தில் கசிபவரும் உண்டு. எண்ணிக்கை மட்டும் காரணம் என்றால் இது விளங்காது.

2008-இல் டெனிசா வாக்னரின் குழு எலிகளில் ஒரு சோதனை செய்தது. தட்டணுக்களை ஏறத்தாழ முழுவதும் நீக்கினார்கள். எலிகளுக்குத் தாமாக ரத்தம் கசியவில்லை. பிறகு தோலில் ஓரிடத்திலோ நுரையீரலிலோ அழற்சியை உண்டாக்கினார்கள். அழற்சி எங்கோ, அங்கே மட்டும் ரத்தம் கசிந்தது. வெட்டுக்காயம் எதுவும் இல்லை.

காரணம் இப்படி. அழற்சி உள்ள இடத்தில் வெள்ளணுக்கள் குழாய்ச் சுவரின் இடுக்குகள் வழியே நுழைந்து திசுவுக்குள் போகின்றன. போர் வீரர்கள் வெளியேறக் கோட்டையில் திட்டிவாசல் திறப்பதுபோல. திறந்த வாசலை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வருபவை தட்டணுக்கள். பெரிய காயத்தை அடைக்க ஆயிரமாயிரம் தட்டணுக்கள் ஒன்றோடொன்று கட்டிக்கொள்ள வேண்டும். இங்கோ தனித்தனித் தட்டணுவே ஓர் இடுக்கை மூடிவிடுகிறது. இயல்பான எண்ணிக்கையில் ஒரு சிறு பங்கு மிஞ்சியிருந்தாலே இந்தக் காவல் நடந்துவிடுகிறது.

வெள்ளணுவை அழைத்து வாசல் திறக்கச் செய்வதும் தட்டணு. அது போனபின் வாசலைச் சாத்துவதும் தட்டணு. பிட்சொசேரோவின் கட்டிக்குள் வெள்ளணுவுக்கு என்ன வேலை என்ற பழைய கேள்விக்கு விடை இங்கே கிடைக்கிறது. அவை இரண்டும் சேர்ந்தே வந்தன. சேர்ந்தே வேலை செய்தன.

6. காவல் சுமையாகும்போது

நுண்குழாய்க்குள் உறையவைத்துக் கிருமியைச் சிறைப்படுத்தும் இந்த ஏற்பாட்டுக்கு 2013-இல் எங்கெல்மனும் மாஸ்பெர்க்கும் ஒரு பெயர் கொடுத்தார்கள். தமிழில் 'எதிர்ப்புறைவு' என்று சொல்லலாம் என்பது என் முன்மொழிவு. அளவோடு நடந்தால் அது காவல். அளவு மீறினால் அதுவே நோய். ரத்தத்தில் கிருமி பரவிய செப்சிஸ் நிலையில் உடலெங்கும் நுண்ணுறைவுகள் நிறைந்து சிறுநீரகமும் நுரையீரலும் பழுதடைவதற்கு இது ஒரு காரணம். கோவிட் காலத்தில் நுரையீரலின் நுண்குழாய்கள் அடைபட்டதிலும் தட்டணு, நியூட்ரோஃபில் கூட்டைப் பார்த்தோம்.

ரத்தமே கசியாத இடத்திலும் தட்டணுவின் கை தெரிகிறது. முடக்குவாதத்தால் வீங்கிய மூட்டின் நீரில், தட்டணுவிலிருந்து உதிர்ந்த நுண்துகள்கள் நிறைந்திருப்பதை 2010-இல் எரிக் புவாலார் முதலானோர் கண்டார்கள். தட்டணு நீக்கப்பட்ட எலிகளில் மூட்டழற்சி தணிந்தது. மாரடைப்புக்கு வித்திடும் தமனிப் படிவிலும் இதே கதை. எலிகளில் படிவு கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே கழுத்துத் தமனியின் சுவரில் தட்டணுக்கள் ஒட்டத் தொடங்குகின்றன என்று 2002-இல் தெரிந்தது. மாரடைப்பின் கடைசி நிமிடத்தில் வந்து அடைப்பவை என்று நாம் குறைசொல்லும் அணுக்கள் முதல் நாளிலிருந்தே அங்கு இருந்திருக்கின்றன.

இன்னொரு நோய் நம் சமன்பாட்டையே தலைகீழாக்குகிறது. உறைவைத் தடுக்க ஹெப்பாரின் ஊசி போட்ட சிலருக்கு, ஹெப்பாரினும் பி.எஃப்.4 புரதமும் சேர்ந்த கூட்டுக்கு எதிராக ஆன்டிபாடி உருவாகிறது. அது தட்டணுவின் கொக்கியில் மாட்டி அதைத் தூண்டுகிறது. தட்டணு எண்ணிக்கை சரிகிறது. ஆனால் நோயாளிக்கு நேர்வது கசிவன்று, உறைவு. எண் குறைந்தால் கசியும் என்று மட்டும் படித்தவர் இங்கே ஆபத்தான முடிவுக்குப் போய்விடுவார்.

அப்படியானால் தட்டணுவை அடக்கினால் அழற்சி அடங்குமா? ஆஸ்பிரின் தட்டணுவின் ஒரு நொதியைப் பூட்டிவிடுகிறது. உட்கரு இல்லாததால், பூட்டப்பட்டதை ஈடுகட்டும் அளவுக்கு அது புதிய நொதியைச் செய்துகொள்ள முடியாது. ஆயுள் முழுவதும் அந்தப் பூட்டோடுதான் ஓடும். மாரடைப்பு வந்தவர்களுக்கு இது உயிர் காக்கும் மருந்து. ஆனால் கோவிட்டுக்கு மருத்துவமனையில் சேர்ந்த ஏறத்தாழ 15,000 பேரிடம் பிரிட்டனின் ரிகவரி ஆய்வு ஆஸ்பிரினைச் சோதித்தது. கொடுத்த பிரிவிலும் கொடுக்காத பிரிவிலும் 28 நாளில் இறந்தவர்கள் 17 விழுக்காடு. தட்டணுவின் பல குரல்களில் ஒன்றை அடக்கினால் மற்றவை அடங்கிவிடுவதில்லை. எந்தக் குரலை, எந்த நேரத்தில் தணிப்பது என்பதுதான் இனிவரும் ஆய்வுகளின் முன்னுள்ள கேள்வி.

7. எண்ணைப் படிக்கும் முறை

இனி அந்தத் தந்தையின் நோட்டுக்கு வருகிறேன். டெங்குவில் தட்டணு ஏன் இறங்குகிறது? வைரஸ் மஜ்ஜையின் உற்பத்தியைச் சில நாள் தணிக்கிறது. அதோடு ரத்தத்தில் உள்ள தட்டணுக்கள் தூண்டப்பட்டு, வெள்ளணுக்களோடு ஒட்டி, போரில் செலவாகின்றன. டெங்கு நோயாளிகளின் தட்டணுக்களே இன்டர்லூகின்-1 பீட்டாவை ஆக்கி வெளியிடுவதைப் பிரேசில் ஆய்வாளர்கள் 2013-இல் காட்டினார்கள். ஆகவே இறங்கும் எண் போர் நடப்பதற்கான செய்தி. இருப்புக் கணக்கு மட்டும் அன்று.

டெங்குவில் உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் வேறு வழியில் வருகிறது. காய்ச்சல் விடும் நாட்களில் குழாய்ச் சுவர் இளகி, பிளாஸ்மா நீர் வெளியே கசிகிறது. ரத்தம் கெட்டியாகிறது, நம் ஆய்வகங்கள் பி.சி.வி. என்று எழுதும் அளவு ஏறுகிறது. ரத்த அழுத்தம் சரிகிறது. வயிற்றுவலி, விடாத வாந்தி, சோர்ந்து கிடத்தல், சிறுநீர் குறைதல், ஈறிலோ மூக்கிலோ ரத்தம் ஆகியவை எச்சரிக்கைகள். இதற்கு மருந்து அளவறிந்து கொடுக்கும் நீர். பப்பாளி இலைச்சாற்றுக்கும், தட்டணு நிரம்பிய பிளேட்லெட் பைக்கும் அலைந்துகொண்டிருக்கும் நேரத்தில் இந்தக் கசிவு கவனிக்கப்படாமல் போய்விடக் கூடாது.

பை ஏற்றினால் என்ன? சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 20,000-க்கோ அதற்குக் கீழோ இறங்கியும் ரத்தக் கசிவு இல்லாத பெரியவர்களிடம் நடந்த ஆய்வு 2017-இல் லான்செட் இதழில் வந்தது. தட்டணு ஏற்றியவர்களில் 21 விழுக்காட்டினருக்கும், ஏற்றாதவர்களில் 26 விழுக்காட்டினருக்கும் கசிவு ஏற்பட்டது. புள்ளியியல்படி இது வேறுபாடே அன்று. பாதக விளைவுகளோ ஏற்றியவர்களில் 13 நிகழ்வுகள், ஏற்றாதவர்களில் 2 நிகழ்வுகள்.

குறைமாதக் குழந்தைகளிடம் நடந்த இன்னோர் ஆய்வு என்னை உறங்கவிடாமல் செய்தது. பிரிட்டன், அயர்லாந்து, நெதர்லாந்து நாடுகளில் 660 குழந்தைகள். ஒரு பிரிவில் 50,000-க்குக் கீழே போனதும் தட்டணு ஏற்றினார்கள். மறு பிரிவில் 25,000-க்குக் கீழே போன பிறகே. தாராளமாக ஏற்றிய பிரிவில் 26 விழுக்காட்டுக் குழந்தைகள் இறந்தன அல்லது பெரும் ரத்தக் கசிவுக்கு ஆளாயின; மறு பிரிவில் 19. அதிகம் கொடுத்தது அதிகம் காக்கவில்லை. பெரியவர்களின் தட்டணு கொண்டுவரும் அழற்சிச் சுமையைப் பிஞ்சு உடல் தாங்காமல் போயிருக்கலாம் என்பது முன்வைக்கப்படும் விளக்கங்களில் ஒன்று.

ரத்த வங்கிக்குப் போயிருக்கிறீர்களா? பிளேட்லெட் பைகள் 20 முதல் 24 டிகிரி வெப்பத்தில், ஓயாமல் ஆடும் தட்டுகளில் தாலாட்டப்பட்டுக் கிடக்கும். ஆயுள் ஐந்து நாள் என்பது வழக்கம். வெளிர்மஞ்சள் நீரை வெளிச்சத்தில் சுழற்றிப் பார்த்தால் புகைபோல் நெளியும். அந்தப் பைக்குள்ளும் தட்டணு சும்மா இருப்பதில்லை. நாளுக்கு நாள் சிடி40 லிகண்டையும் பிற அழற்சிப் பொருள்களையும் நீரில் விட்டுக்கொண்டே இருக்கிறது. ஏற்றிய சிலருக்குக் குளிரும் காய்ச்சலும் வருவதற்கு அதுவும் ஒரு காரணம். ரத்தம் கொட்டும் நோயாளிக்கும், புற்றுநோய்ச் சிகிச்சையால் மஜ்ஜை வறண்டவருக்கும் இந்தப் பை உயிர். தேவையில்லாதவருக்கு அதுவே ஒரு படையைத் தூண்டிவிடுவது போல.

எண்ணே பொய் சொல்லும் நேரமும் உண்டு. ஊதா மூடிக் குழாயில் உறைதலைத் தடுக்க வைத்திருக்கும் இ.டி.டி.ஏ. பட்டதும் சிலருடைய தட்டணுக்கள் கட்டிகட்டியாகச் சேர்ந்துவிடும். கருவி அந்தக் கட்டிகளைத் தட்டணுவாக எண்ணாது. 20,000 என்று அச்சடித்துவிடும். கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைப் பூசி, சாயமேற்றி, எண்ணெய் லென்ஸில் பார்த்தால் உண்மை தெரியும். இளஞ்சிவப்பு வட்டங்களுக்கு இடையே ஊதா மணல்போலத் தட்டணுக்கள். ஒரு பார்வைப் புலத்தில் சராசரியாக ஒன்று தெரிந்தால் பதினைந்து முதல் இருபதாயிரம் என்று கணக்கு. சிலரிடம் அவை ஒரு நியூட்ரோஃபிலைச் சுற்றி மாலைபோல் ஒட்டி நிற்பதையும் பார்த்திருக்கிறேன். அது குழாயில் நேரும் மாற்றம்தான். ஆனாலும் இவற்றுக்குள் எவ்வளவு நெருக்கம் என்பதை அதைவிட எளிதாக எந்தப் படமும் எனக்குக் காட்டியதில்லை.

நிறைவாக

அவையோரே, மூன்று வேண்டுகோள்கள் வைக்கிறேன். பாடநூல் எழுதுவோர் தட்டணுவை ரத்த உறைதல் பாடத்தில் எழுதிவிட்டு, நோயெதிர்ப்புப் பாடத்திலும் அதற்கு ஒரு பக்கம் கொடுக்க வேண்டும். ஆய்வகத்தில் இருப்போர் எதிர்பாராமல் குறைந்த ஒவ்வோர் எண்ணையும் தகட்டில் பார்த்து உறுதி செய்த பிறகே சீட்டில் எழுத வேண்டும். நோயாளியின் வீட்டார் 'எவ்வளவு' என்று கேட்பதோடு 'பிள்ளை எப்படி இருக்கிறாள்' என்பதற்கான அடையாளங்களையும் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தத் தந்தைக்கு நான் சொல்லத் தெரியாமல் நின்ற பதிலை வார்டு செவிலியர் ஒருவர் சொன்னார். நோட்டில் ஒரு கோடு போட்டு, வலப்பக்கம் இன்னொரு பத்தி எழுதச் சொன்னார்: எவ்வளவு குடித்தாள், எத்தனை முறை சிறுநீர் போனாள், என்ன சாப்பிட்டாள். ஐந்தாம் நாள் இடப்பக்கம் 26,000. வலப்பக்கம் கஞ்சி இரண்டு டம்ளர், இளநீர் ஒன்று, சிறுநீர் ஐந்து முறை. ஏழாம் நாள் எண் 58,000-க்கு ஏறியது. நல்ல செய்தியை நானே சொல்ல வேண்டும் என்று சீட்டை எடுத்துக்கொண்டு சன்னலுக்குப் போனேன். அவர் அதை வாங்கி, பொறுமையாக நோட்டில் எழுதிக்கொண்டு சொன்னார்: "நேத்தே தெரிஞ்சுபோச்சுங்க ஐயா. ராத்திரி எழுந்து உக்காந்து தோசை கேட்டா."